டிரையரில் நிற்பவர் வீடியோ போடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் டீ பாக்டரியில் ஆறு வருடமாக டிரையரில் (தேயிலையை உலர்த்தும் மெஷின்) வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார். இரவு ஷிப்டில் வெளியிலிருந்து டீ வேஸ்ட், அதாவது தேயிலைக் கழிவு, மூட்டைகளாக வந்து இறங்குகிறது, விடிவதற்குள் நல்ல தூளோடு கலந்துவிடுகிறது. சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் எட்டு மாதமாகக் கணக்கில் ஏறவில்லை. இரண்டையும் சொல்லி, முகத்தைக் காட்டி ஒரு வீடியோ போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். வீட்டில் பயப்படுகிறார்கள். கூட்டாளிகளோ, "நீ போட்டாலும் எவன் நம்புவான், முதலாளி மேல் காண்டு என்றுதான் சொல்வான்" என்கிறார்கள். போடலாமா, போட்டால் நம்புவார்களா, வேலை போகுமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், தம்பி. போகும். மறுநாளே போகாது, ஆனால் போகும். முதலில் டிரையரிலிருந்து எடுத்து லாரியில் மூட்டை ஏற்றப் போடுவார்கள். அப்புறம் நீங்கள் பத்து நிமிடம் லேட்டாக வந்த நாட்களெல்லாம் ஒரு காகிதத்தில் சேரும். சார்ஜ் ஷீட்டில் வீடியோவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நான் பதினோரு வருடம் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன், அந்த மாதிரிச் சார்ஜ் ஷீட்டுகளை டைப் அடித்தவன். அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சங்கத்துக்காக லேபர் ஆபீஸ் படி ஏறி இறங்கினேன். வக்கீல் இல்லை. இரண்டு பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த தெருவில் வேறு கம்பெனி இருக்கும். மலையில் அப்படி இல்லை. ஒரு பாக்டரி முதலாளிக்கு மற்ற முதலாளிகள் சொந்தம், இல்லையென்றால் குன்னூர் டீ ஏலத்தில் வாராவாரம் பார்க்கிற பழக்கம். எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். லயன் வீடு, எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது, வேலை போனால் கூரையும் போகும். உங்கள் வீட்டுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொழுந்து எந்த ஏஜென்ட் மூலம் எந்தப் பாக்டரிக்குப் போகிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் வீடியோ போட்ட வாரத்திலிருந்து உங்கள் அப்பாவின் இலையில் "முத்தல் ஜாஸ்தி" என்று சொல்லி எடையில் கழிக்க ஆரம்பிப்பார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டில் கேஸ் போடுவீர்கள்? வேலை போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தச் சின்னக் கழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆள் ஊரைவிட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

"பேச்சுரிமை இருக்கிறதே" என்கிறீர்கள். அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமை முக்கியமாக அரசுக்கு எதிரானது. தனியார் முதலாளியிடம் அதைக் காட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்வது நடைமுறையில் கஷ்டம். அரசு நிறுவனத்து ஊழியர்களுக்கே அது முழுக் குடை இல்லை. கர்நாடக மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தில் ஒருவர் நிர்வாகத்தைக் குறை சொல்லி ஆளுநருக்கு எழுதினார், பத்திரிகைக்கும் அறிக்கை கொடுத்தார். வேலையை விட்டு நீக்கினார்கள். 1998இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் சரி என்று சொல்லிவிட்டது. இதற்கு எதிர்ப்பக்கம் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2023இல் வந்த தீர்ப்பு. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர் வாட்ஸப் குழுவில் மேலதிகாரிகளைக் கிண்டல் செய்து போட்டதற்குக் கொடுத்த குற்றச்சாட்டு மெமோவை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ரத்து செய்தார். ஊழியர்கள் தங்களுக்குள் பொருமித் தீர்த்துக்கொள்ள உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆனால் கவனியுங்கள், அது உள்ளுக்குள் இருந்த குழு. ஊரறியப் போட்டு நிறுவனத்தின் பெயர் கெட்டிருந்தால் கதை வேறு என்பதும் அதே தீர்ப்பில் தொக்கி நிற்கிறது. நடைமுறையில் பாக்டரி வாட்ஸப் குழுவில் சூப்பர்வைசரின் மச்சான் ஒருவர் இருப்பார், ஸ்க்ரீன்ஷாட் பத்து நிமிடத்தில் ஆபீசுக்குப் போய்விடும்.

ஊழலைச் சொல்பவர்களைக் காப்பாற்ற 2014இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கு மட்டும், அதையும் நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தில், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களும் இன்னும் சில பெரிய நிறுவனங்களும் ஊழியர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பா, மகன், மருமகன் சேர்ந்து நடத்தும் கோத்தகிரி பாக்டரிக்கு அதெல்லாம் எட்டாது.

இவ்வளவு சொன்னதால் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். "உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணுகிறான்" என்று உங்களைச் சொல்வார்கள். இந்தப் பழமொழியை நான் சங்கத்தில் இருந்த காலத்தில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சம்பளம் விருந்துச் சாப்பாடு இல்லை. எட்டு மணி நேரம் டிரையர் சூட்டில் நின்றதற்குக் கூலி. அதில் இரண்டகம் எங்கே வந்தது?

ஆனால் நம்புவார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கு என் கதை ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது நின்றுபோயிருந்தது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள், பால் கொடுக்க வேண்டியது எஸ்டேட். எனக்குக் கோபம். ஒரு பத்திரிகைக்குப் பெயர் போட்டே கடிதம் எழுதினேன், "ஆறு மாதமாக ஒரு சொட்டுப் பால் இல்லை" என்று. அதுவும் அச்சில் வந்தது. உண்மையில் பால் நின்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு என்று எழுதினால் அழுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் பால் ரிஜிஸ்டரை எடுத்துவைத்தார், அவ்வளவுதான். முந்தின இரண்டு மாதத்துக்குப் பால் வாங்கிய பில், ஆயாவின் கைநாட்டு எல்லாம் அதில் இருந்தன. அந்த இரண்டு மாதத்தில் நான் பொய்யன் ஆனேன். மீதி நாலு மாதத்தை யாரும் கேட்கவே இல்லை. சாட்சி சொல்ல வருகிறோம் என்ற பெண்களும் பின்வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் இருந்தது லயன் வீட்டில். நான் வேலையை விட்டேன், விட வைத்தார்கள் என்றும் சொல்லலாம்.

உள்ளே இருப்பவன் பேசினால் கேட்பவர்கள் இரண்டு விதமாகச் சந்தேகப்படுவார்கள். வேலையில் இருந்துகொண்டு பேசினால் "அப்புறம் ஏன் அங்கேயே சம்பளம் வாங்குகிறாய்?" வேலையை விட்டபின் பேசினால் "துரத்திவிட்டார்கள், அதனால் பேசுகிறான்." இரண்டுக்கும் வாயால் பதில் சொல்ல முடியாது. போய்ப் பார்க்கிற மாதிரி, கையால் தொடுகிற மாதிரி ஏதாவது ஒன்று வேண்டும்.

கொடைக்கானலில் நடந்ததைப் பாருங்கள். எண்பதுகளில் வந்த வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் புழங்கிய இடம். 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதைக் காட்டினார்கள். அந்த மூட்டைகளை யாரும் மறுக்க முடியவில்லை. தொழிற்சாலை நின்றது. 2003இல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் உடம்பில் வந்த கோளாறைப் பற்றிச் சொன்னது அவ்வளவு சீக்கிரம் எடுபடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போய், இழுத்து, 591 பேருக்கான உடன்பாடு வந்தது 2016 மார்ச்சில். அப்போதும் உடல்நலக் கேட்டுக்குத் தொழிற்சாலை காரணமில்லை என்பதுதான் நிறுவனத்தின் நிலை. சாமான் கடை மூட்டை சில மாதங்களில் செய்ததை, மனிதன் தன் உடம்பைக் காட்டிச் செய்ய பதினைந்து வருடம். நியாயமில்லைதான். ஆனால் நீங்கள் வீடியோவில் என்ன பேசப் போகிறீர்கள் என்று முடிவு செய்வதற்கு முன் இதை மனதில் வையுங்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது இரண்டு புகார். அவற்றை ஒன்றாகக் கட்டாதீர்கள். பி.எஃப். உங்கள் சொந்தப் பணம், டீ வேஸ்ட் ஊர்ப் பிரச்சினை. இரண்டையும் ஒரே வீடியோவில் சொன்னால், "பி.எஃப். தகராறுக்காகக் கலப்படம் என்று கிளப்பிவிடுகிறான்" என்று முதலாளி ஒரே வரியில் முடித்துவிடுவார். நானே அவருடைய கிளார்க்காக இருந்தால் அப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

பி.எஃப். சுலபம். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினார்களா இல்லையா என்பது உங்கள் போனிலேயே பாஸ்புக்கில் தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் வரவு இல்லை. இந்த இரண்டு காகிதத்துக்கு மேல் சாட்சி வேண்டாம். தொழிலாளியிடம் பிடித்துக் கட்டாமல் வைத்திருப்பதை நம்பிக்கை மோசடியாகவே குற்றவியல் சட்டம் பார்க்கிறது. இதற்கு வீடியோ எதற்கு? பி.எஃப். அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒருவன் கேட்டால் கலகம், ஐந்து பேர் கேட்டால் கோரிக்கை.

டீ வேஸ்ட் விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். நீங்கள் பார்த்தது என்ன? மூட்டைகள் இறங்கியது, சிலவற்றைப் பிரித்துக் கொட்டியது. "சாயம் கலக்கிறார்கள்", "விஷம்" என்றெல்லாம் நீங்கள் எழுதியிருப்பதை நீங்கள் பார்க்கவில்லை. அவற்றை விட்டுவிடுங்கள், அவை இல்லாமலே புகார் நிற்கும். 1959இலிருந்தே டீ வேஸ்ட்டை வாங்க, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று தனி உத்தரவு இருக்கிறது. உரிமம் இல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வந்தது என்பதே குற்றச்சாட்டு. தேதி, நேரம், ஏறக்குறைய எத்தனை மூட்டை, அன்று யார் ஷிப்ட் என்று வீட்டில் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள். மொத்தமாக ஒருநாள் உட்கார்ந்து எழுதிய நோட்டு அப்படியே தெரிந்துவிடும், மை ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொன்று, டிரையரில் நிற்பவருக்கு மட்டும் தெரியும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். பத்தாயிரம் கிலோ கொழுந்து வந்த நாளில் 2,200, 2,500 கிலோ தூள் இறங்கினால் சரி. மூவாயிரத்துக்கு மேல் போனால் மீதி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இலை எடைக் கணக்கும் தூள் கணக்கும் பாக்டரியிலேயே இருக்கின்றன. அந்த ரிஜிஸ்டர்களை நீங்கள் படம் எடுக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். திருட்டு என்று ஒரு சார்ஜ் வந்தால் உங்கள் புகார் அதற்கு அடியில் போய்விடும். எந்த வாரத்து ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குச் சொன்னால் போதும்.

தூளை ஒரு பொட்டலத்தில் எடுத்துப்போய் வீடியோவில் தண்ணீரில் போட்டுக் காட்டுவதும் வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும், சாட்சியாக நிற்காது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து எடுக்கும் மாதிரியை முறைப்படி நாலு பங்காக்கி முத்திரை வைப்பார்கள். நீங்கள் சட்டைப் பையில் கொண்டுவந்த தூள் எந்தப் பாக்டரித் தூள் என்று யார் சொல்வது? ஆக, புகார் போக வேண்டியது இரண்டு இடத்துக்கு. ஒன்று குன்னூரில் உள்ள டீ போர்டு அலுவலகம். இன்னொன்று மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலர். எந்த இரவுகளில் லாரி வருகிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல். வீடியோ முதலில் வந்தால் அடுத்த இரவு லாரி வராது, கொடவுனைக் கழுவி வைத்திருப்பார்கள்.

மொட்டைக் கடிதம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் பெயரில்லாத புகாரை ஓரமாக வைக்க அதிகாரிக்கு நல்ல சாக்குக் கிடைக்கும். பெயர் போட்டுக் கொடுத்து, பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கேட்பது மேல். அதுவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் எஞ்சினியராக இருந்த சத்யேந்திர துபே, சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு பல மேசைகளுக்குப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, கோத்தகிரி கயா இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு கவர் எந்த மேசைக்குப் போனாலும் அங்கே யாரோ ஒருவருக்கு உங்கள் முதலாளியைத் தெரியும் என்று எண்ணிக்கொண்டே எழுதுங்கள்.

அவதூறு வழக்குப் பயம் எல்லோருக்கும் உண்டு. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை. போலீஸ் நேரே வந்து பிடித்துக்கொண்டு போகிற வழக்கு இல்லை, முதலாளிதான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் சொன்னது அவதூறு ஆகாது. அதைவிட உங்களுக்குப் பயன்படுவது இன்னொரு விலக்கு: அதிகாரம் உள்ள அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாரும் அவதூறு ஆகாது. டீ போர்டுக்கு எழுதிய அதே வரியை வீடியோவில் சொன்னால் அந்த இரண்டாவது குடை கிடையாது.

வேலையைப் பற்றியும் ஒரு வழி இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். உங்கள் பாக்டரியில் இருக்காது, இருந்தாலும் முதலாளியின் மருமகன் அதில் இருப்பார். பரவாயில்லை, அங்கே ஒரு மனுக் கொடுத்து நகல் வையுங்கள். அதைவிட முக்கியமானது, பி.எஃப்., சம்பளம் போன்ற கோரிக்கையைத் தொழிற்தகராறாக எழுப்பி, லேபர் ஆபீசில் சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தமாக உங்களை நீக்க முதலில் அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்தது, புதியதிலும் இருக்கிறது. இதை நம்பி நான் பல பேரை ஒரு வருடம், ஒன்றரை வருடம் வேலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படியும் நீக்கினால் இரண்டு வருடத்துக்குள் வழக்குக்குப் போக வேண்டும், முன்பு மூன்று வருடம் இருந்தது. காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் காகிதத்தில்தான்.

அப்படியானால் பொதுவில் பேசவே கூடாதா? பேசலாம், வரிசை மாறக் கூடாது. புகார் கொடுத்து, பதிவு எண் வாங்கி, இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அப்போது "இந்தத் தேதியில் இந்த அலுவலகத்துக்கு இப்படிப் புகார் கொடுத்தோம், பதில் இல்லை" என்று பேசுங்கள். அது முதலாளியைத் திட்டும் வீடியோவாக இருக்காது, அதிகாரியைக் கேள்வி கேட்கும் வீடியோவாக இருக்கும். கூட வேலை பார்க்கும் யாருடைய முகமும் குரலும் அதில் வேண்டாம், அவர்கள் சம்மதித்தாலும். நாலு வரிக்கு மேல் போகாதீர்கள். பேசும்போது உங்கள் அப்பாவின் அரை ஏக்கரையும் சேர்த்துச் சொல்லலாம். வேஸ்ட் கலந்த தூள் மலிவாக ஏலத்துக்குப் போனால் நீலகிரித் தூளின் விலையே இறங்குகிறது, கடைசியில் கொழுந்து விலையில்தான் வந்து விழுகிறது. "அவனுக்கு என்ன அக்கறை" என்று கேட்பவனுக்கு அது பதில்.

இந்த வாரம் முதலில் பாஸ்புக்கைத் திறந்து, கடைசியாக எந்த மாதம் வரவாகியிருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். எட்டு மாதம் என்கிறீர்கள். ஏழாக இருந்தால் மனுவில் ஏழு என்றே போடுவோம்.